டிலக்சியின் தாடையும் இரண்டு அட்டைகளும்

பல்லுக்குக் கம்பி போட்டிருந்த என் மகள் டிலக்சிக்கு இந்தத் தவக்காலத்தில் தாடை பூட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து வந்தோம். இப்போது ஆண்டவருடைய இரக்கத்தால் பிள்ளை சுகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் வந்து, "சவிரி அண்ணை, பிள்ளைக்கு உண்மையா என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். எங்கள் பேசாலையில் கம்பி போட்ட பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பெற்றவர்களுக்குப் பயம் வருவது ஞாயம்தானே. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடுங்கள் என்று மனைவி ரெஜினா சொன்னாள்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். மண்டபம் அகதி முகாமில் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததிலும் ஒரு பிழை உண்டு. அது என்னுடையது. அதையும் எழுதுகிறேன்.

டிலக்சிக்குப் பதினாறு வயது. அவளுக்கு மேல்பல் நான்கும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் "திருவலை" என்று பட்டம். தேங்காய் திருவுகிற அந்தத் திருவலைதான். வீட்டில் அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள், படம் எடுக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து இரண்டு வருடம் காத்திருந்த பிறகுதான் கம்பி கிடைத்தது. அதிலிருந்து மாதம் ஒரு தடவை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவோம். வெள்ளாங்குளம் தாண்டுவதற்குள் அவள் என் தோளில் நித்திரையாகிவிடுவாள். பல் டொக்டர் ஒரு பெண்பிள்ளை. கையும் மெது, சொல்லும் மெது.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. இந்த வருடத் தொடக்கத்தில் டொக்டர் சின்னச் சின்ன றப்பர் வளையங்கள் கொடுத்தார். மேலே வேட்டைப் பல்லில் இருக்கிற கொக்கியில் மாட்டி, கீழே கடைவாயில் இருக்கிற கொடுப்புப் பல்லுக்கு இழுத்து விட வேண்டும். மேல்வரிசை பின்னுக்கும் கீழ்வரிசை முன்னுக்கும் வருவதற்காம். அப்போது அவர் சொன்னதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"பல்லு நகரேக்க மேலும் கீழும் சரியாப் பொருந்தாது. கடி கொஞ்ச நாளைக்குக் கோணலா இருக்கும். பல்லும் ரெண்டு மூண்டு நாளைக்கு உளையும். அதுக்குப் பயப்பிட வேண்டாம். ஆனா காதுக்கு முன்னால நொந்தா, சத்தம் கேட்டா, வாய் திறக்கக் கஷ்டமா இருந்தா உடன எனக்குச் சொல்ல வேணும். அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கப்படாது."

அதோடு ஒரு அட்டையும் கொடுத்தார். நோ இல்லாவிட்டால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. இடையில் எது சரியோ அதை ஒவ்வொரு நாளும் பிள்ளை தன் கையாலேயே எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் றப்பரைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவெடுப்பார்.

மூன்றாம் கிழமை, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வந்தது. அன்றைக்கு மறைக்கல்வி ரீச்சரும் பிள்ளைகளுக்கு ஒரு அட்டை கொடுத்தார். எங்கள் கோவிலில் வருடா வருடம் கொடுப்பதுதான். அட்டையில் ஒரு சிலுவை, சிலுவைக்குள் நாற்பது பெட்டி. ஒரு ஒறுத்தல் செய்தால் ஒரு பெட்டிக்கு நிறம் தீட்டலாம். ஒரு பிள்ளை இனிப்பை விடும், ஒன்று ரீவியை விடும். ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை, சிலுவை முழுவதும் நிறமாக இருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் கரையில் ஒரு எஞ்சினைக் கழற்றிவைத்துக்கொண்டிருந்தேன். படகுக்காரர் இரண்டு பேர் தலைமாட்டில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். டிலக்சி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அப்பா, இந்தப் பக்கம் காதடியில டக் டக் எண்டு சத்தம் கேக்குது. நோகுது."

"கம்பி போட்டா நோகாதே பிள்ளை?"

"இது பல்லு நோ இல்ல அப்பா. கடிக்கேக்க இடப்பக்கம் மட்டும்தான் முட்டுது. மற்றப் பக்கம் முட்டுதில்ல. நாடியைத் தள்ளித் தள்ளித்தான் சாப்பிடுறன்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தவக்காலம் துடங்கிட்டுதெல்லே. ஆண்டவருக்கு ஒப்புக்குடு. அவருக்கு முள்முடி, உனக்குக் கம்பி" என்றேன்.

படகுக்காரர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எஞ்சின் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம்.

பிள்ளையிடம் இரக்கம் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. முகாமில் எனக்குக் காய்ச்சல் என்றால் என் அம்மாவும் இதைத்தான் சொல்வா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவா. நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு டிலக்சி நோவென்று ஒரு சொல் சொல்லவில்லை. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள். பொரித்த மீனை ஒதுக்கினாள். சோற்றைக் குழைத்து ரசம் விட்டு விழுங்கினாள்.

"பிள்ளை மெலியுதப்பா" என்றாள் ரெஜினா.

"ஒறுத்தல் செய்யிறாள். விடும்" என்றேன் நான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து நிற்கும்போது இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். முதல் நாட்களில் மூன்று, இரண்டு, ஒன்று என்று இருந்தது. பிறகு வரிசையாகப் பூச்சியம். காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார்.

"லேசாச் சத்தம் கேக்குது. நோகுதோ?"

"இல்ல டொக்டர்."

"சாப்பிடேக்க?"

"இல்ல."

அட்டையும் வாயும் ஒன்றையே சொன்னதால் அவர் அதை நம்பி, கொஞ்சம் இழுவை கூடிய றப்பரைக் கொடுத்தார். அவரில் பிழை இல்லை.

அதற்கு அடுத்த கிழமை வியாழக்கிழமை காலை. டிலக்சி பல் தீட்டப் போனவள் பிரஷ்ஷும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, வாய் திறக்குதில்ல" என்று பல்லுக்குள்ளாலே சொன்னாள். கொட்டாவி விட்டாளாம், காதடியில் ஏதோ இடறினது மாதிரி இருந்ததாம், அவ்வளவுதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் என் சுண்டுவிரல்தான் போனது.

எனக்கு முதலில் வந்த நினைப்பு வாயைப் பூட்டிவிடுகிற ஏற்பு நோய். வீடு முழுக்கத் துருப்பிடித்த இரும்பு கிடக்கிறது, பிள்ளைக்கு எங்கேயாவது குத்திவிட்டதோ என்று கை கால் எல்லாம் பார்த்தேன். மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர், "ஏற்பு இல்ல ஐயா, இது தாடை மூட்டில வந்த பிரச்சினை. கம்பி போட்ட டொக்டர் பாக்கிறதுதான் நல்லம்" என்று யாழ்ப்பாணத்துக்குப் போன் பண்ணி, அம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். ரெஜினா செபமாலையை எடுத்தாள். சங்குப்பிட்டிப் பாலம் வரும்போது நாங்கள் மூன்றாவது தடவை தொடங்கியிருந்தோம். டிலக்சி உதடு அசையாமல் விரலை மட்டும் மணியில் நகர்த்திக்கொண்டு வந்தாள்.

பெண்கள் வார்ட்டில் கட்டில் கிடைத்தது. ரெஜினா உள்ளே தங்கலாம், நான் வெளியே கிடந்த மர வாங்கில்தான் இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தார்கள். முகத்தைச் சுற்றி மெசின் ஒன்று வட்டமாகப் போகும், நோகாது. பின்னேரம் பல் டொக்டர் வந்து எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பில் பிழை ஒன்றும் இல்லை என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு நான் முகம் துடைக்க வைத்திருந்த லேஞ்சியைக் கேட்டார். நான் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தன் இடது உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் வலது கையைப் பொத்தி வைத்தார்.

"இதுதான் தாடை மூட்டு. காதுக்கு முன்னால கிடக்கு. மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவில இந்த லேஞ்சி மாதிரி ஒரு மெத்தை இருக்கு. வாய் திறக்கேக்க அதுவும் சேர்ந்து முன்னுக்கு வரும். இவவுக்குக் கடி ஒரு பக்கம் மட்டும் முட்டினதால நாடியைத் தள்ளித் தள்ளிக் கடிச்சிருக்கிறா. தசை களைச்சு இறுகிப் போச்சு. மெத்தை முன்னுக்கு வழுக்கி மடிஞ்சிட்டுது. அது தடுக்கிறதாலதான் வாய் திறக்குதில்ல."

"ஒப்பரேசனோ டொக்டர்?"

"அவசரப்படாதேங்கோ. நாளைக்குக் கையாலே எடுத்துப் பாப்பம். சரிவராட்டி ஊசியால மூட்டைக் கழுவ வேணும். அதுக்கும் சரிவராட்டித்தான் மற்றதை யோசிக்கலாம். கம்பியையும் கழட்ட வேண்டி வரலாம்." அவர் டிலக்சியைப் பார்த்தார். "எனக்கு விளங்காதது ஒண்டுதான். இந்தளவு வாறதுக்கு முதல் கட்டாயம் நொந்திருக்க வேணும். நோ அட்டையைத் தாங்கோ பாப்பம்."

ரெஜினா கிளினிக் கொப்பி வைத்திருக்கிற பிளாஸ்ரிக் உறையை எடுத்துக் கவிழ்த்தாள். இரண்டு அட்டைகள் கட்டிலில் விழுந்தன. ஒன்று பூச்சியம் போட்ட அட்டை. மற்றது கோவில் அட்டை. சிலுவையில் பாதி நீல நிறம் தீட்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சின்னதாக, பென்சிலால், "தாடை" என்று எழுதியிருந்தது. தாடை, தாடை, தாடை.

டொக்டர் சைவக்காரர், எங்கள் கோவில் வழக்கம் தெரியாது. "இது என்ன அட்டை?" என்று கேட்டார். ரெஜினா விளக்கம் சொன்னாள். டொக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூச்சியம் தொடங்கின நாளும் நீலம் தொடங்கின நாளும் ஒன்று.

"தங்கச்சி, உமக்கு ஆர் இப்பிடிச் செய்யச் சொன்னது?"

டிலக்சி ஜன்னல் பக்கம் திரும்பினாள். என்னையும் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் டொக்டர்" என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நாளைக்கு நான் அழுத்தேக்க எந்த இடத்தில நோ கூட எண்டு இவ சொல்ல வேணும். அந்த இடம் பாத்துத்தான் விறைப்பு ஊசி போட்டு எடுக்கலாம். சொல்லாட்டி நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யிற மாதிரி" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கால் மணித்தியாலம் முயற்சி செய்தார். இங்கே நோகுதோ, இல்லை. இங்கே, இல்லை. வெளியே வந்து என்னிடம், "முகத்தைப் பாத்தா நோகுது, வாயைக் கேட்டா இல்லையாம். ஒரு நாள் பொறுத்துப் பாப்பம். நாளைக்கும் இப்பிடியெண்டால் மூட்டைக் கழுவத்தான் வேணும்" என்றார். டிலக்சிக்கு அது வீம்பில்லை. ஆண்டவருக்குக் கொடுத்ததை நடுவில் திருப்பி எடுக்கலாமா என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் பழக்கினவன் நான். ரெஜினா சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை.

பின்னேரம் வாங்கில் இருந்தேன். பக்கத்தில் முசலியைச் சேர்ந்த ஜுனைதீன் நானா. அவருடைய மனைவிக்குப் பல்லில் சீழ் கட்டி முகம் வீங்கி, அவவும் அதே வார்ட்டில். நோன்பு காலம். பக்கத்துப் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பிறகு கொடுத்த கஞ்சியை இரண்டு போத்தலில் வாங்கிவைத்திருந்தார்.

"மகள் என்ன குடிச்சது?"

"காலமை கொஞ்சம் பால். வேற ஒண்டும் இறங்கேல்ல."

"இந்தாங்க, இதைக் குடுங்க. நல்லாக் கரைஞ்சு கிடக்கு. ஸ்ட்ரோ வைச்சா இழுக்கலாம்."

"நானா, இறைச்சி போட்டதோ?"

"பின்ன? ஆட்டிறைச்சி போடாம அது என்ன கஞ்சி?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எங்களுக்குச் சுத்தபோசனம்."

"வருத்தக்காரருக்குமா?"

எங்களுக்கும், நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்கு அது கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் அது ஏன் நாக்கில் வரவில்லை என்றுதான் யோசித்தேன்.

"என்ட பொஞ்சாதிக்கு இண்டைக்கு நோன்பு இல்ல" என்றார் நானா. "சுகமானதுக்குப் பிறகு பிடிப்பா. அல்லாஹ் அவசரப்படமாட்டான். ஏன், உங்கட ஆண்டவர் அவசரக்காரரா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போத்தலை வாங்கிக்கொண்டு, பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன்.

டிலக்சி மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். தலையை ஆட்டினாள். "வெள்ளிக்கிழமை" என்றாள் பல்லுக்குள்ளாலே.

கட்டில் ஓரத்தில் இருந்தேன். என்ன சொல்வதென்று வாங்கில் இருந்தே யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோனது.

"பிள்ளை, அண்டைக்கு நான் எஞ்சினைப் பாத்துக்கொண்டுதான் உன்னோட கதைச்சனான். உன்ர முகத்தைப் பாக்கேல்ல. பாத்திருந்தா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன். அது ஆண்டவர் கேட்டதில்ல. உன்ர அப்பன் வேலை மும்முரத்தில சொன்னது."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "இன்னும் இருபது பெட்டி கிடக்கு அப்பா. பாதியில விட ஏலாது."

"பாதியில விடத் தேவையில்ல. மிச்சத்தை நான் செய்யிறன். என்ர பேரில நிறம் தீட்டு. நீ நோவைச் சொல்லு."

"நீங்க என்ன செய்வீங்க?"

"வெத்திலையை விடுறன்."

பக்கத்தில் இருந்த ரெஜினா, "மாதாவே, இதை நான் காதால கேக்கிறனே!" என்றாள். "இருபத்திரண்டு வருசமா நான் சொல்லி விடாத மனுசன்."

டிலக்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவுடன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நோகுதோ?" என்றேன். முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவளும் என் முகத்தைப் பார்த்தாள். "ஓம் அப்பா" என்றாள். "சரியா நோகுது, தாங்க ஏலாம நோகுது."

கஞ்சியை ஸ்ட்ரோவால் இழுத்துக் குடித்தாள். போத்தலில் முக்கால்வாசி முடிந்தது. வெளியே வந்து வெற்றிலைப் பையை நானாவிடம் கொடுத்து, "இதை உங்களோட வைச்சிருங்க" என்றேன். அவர், "நோன்பாளியிட்டக் குடுக்கிற சாமானா இது?" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை டொக்டர் திரும்ப வந்தார். நான் வெளிவாசலில் நின்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் டொக்டருடைய குரல் மெதுவாகக் கேட்டது. "இங்க? இதில?" ஒரு சத்தமும் இல்லை. எனக்குச் செபத்தின் மிச்சம் மறந்துபோனது. அப்போதுதான் வார்ட் முழுக்கக் கேட்டது: "அங்கதான்! ஐயோ டொக்டர், அங்கதான், அங்கதான்!"

பிள்ளை கத்துகிறாள், நான் சிலுவை அடையாளம் போட்டு ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற நேர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

அந்த இடத்தில் விறைப்பு ஊசி போட்டார்கள். டொக்டர் இரண்டு கட்டைவிரலையும் கீழ்க் கொடுப்புப் பல்லின் மேல் வைத்துக் கீழே அமத்தி முன்னுக்கு இழுத்தாராம். மூன்றாம் தடவையில் இடறி, மெத்தை தன் இடத்துக்கு வந்துவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டபோது டிலக்சி ஆவென்று வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு விரல் போனது. திங்கட்கிழமை வீட்டுக்கு விடும்போது கிட்டத்தட்ட மூன்று. ஒரு மனிதருடைய சொந்த விரல் மூன்று வாய்க்குள் நேராகப் போனால் போதுமாம். நான் பஸ்ஸில் வரும்போது என் வாயில் வைத்துப் பார்த்தேன். ரெஜினா தொடையில் கிள்ளினாள்.

கம்பியைக் கழற்றவில்லை. றப்பரை நிறுத்தி, மூட்டு ஆறும்வரை கடிக்கு இடையில் வைக்கிற ஒரு பிளேட் தந்தார்கள். குழைந்த சோறு, அவித்த மீன், கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கை கொடுத்துப் பிடிப்பது, காலையும் மாலையும் சுடுதண்ணித் துணி ஒத்தடம். கடி இன்னும் முழுவதும் நேராகவில்லை, கம்பிக் காலம் சில மாதம் நீளும். கம்பி போட்ட எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, சொன்ன நேரத்துக்குச் சொன்னால் இந்தளவுக்குப் போகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைப் பெற்றவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமைக் கஞ்சியையும் சேர்த்துத்தான். "கஞ்சி பாவமில்ல, சவிரி" என்றார் ஃபாதர். "மற்றதுக்குத்தான் நாப்பது நாளும் போதாது."

அந்தச் சிலுவை அட்டை எங்கள் மாதா சுரூபத்தின் பின்னால் நிற்கிறது. பாதி நீலம், பாதி சிவப்பு. சிவப்புப் பெட்டிகளுக்குள் அவளுடைய எழுத்தில் "அப்பா, வெத்திலை" என்று இருக்கிறது. பெரிய சனிக்கிழமையோடு இருபதும் முடிந்துவிட்டது. ஆனால் வெற்றிலைப் பையை நான் நானாவிடம் திருப்பி வாங்கவில்லை.

நோ அட்டையை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே திருத்தினாள். டொக்டர் பேனை கொடுத்தார். பூச்சியங்களை வெட்டி, ஞாபகம் உள்ள மட்டும் உண்மையை எழுதினாள். விபூதிப் புதனுக்கு நேரே எழுதியிருந்தது ஏழு. ஏழு நோவோடு ஒரு பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் நின்றிருக்கிறது.

இப்போது பின்னேரச் செபமாலை முடிந்ததும் அவள் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்து, "இண்டைக்கு எவ்வளவு பிள்ளை?" என்று கேட்கிறேன். நேற்றும் கேட்டேன். "ஒண்டு" என்றாள். எழும்பி நடந்தவள் வாசலில் நின்று, காதடியில் விரல் வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்டரை அப்பா."

அந்த அரைக்கு நன்றி சொல்ல நான் திரும்பவும் முழங்காலில் இருந்தேன்.